எங்கே வேலை பார்க்கிறீர்கள்? – ஒரு காய்ச்சலைப் பிடித்துக்கொடுத்த கேள்வி

புக்கிட் பெலிம்பிங்கில் நான் வாடகைக்கு எடுத்த வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. லோரியிலிருந்து சாமான்களை இறக்கி, பாதியை அடுக்கி முடிப்பதற்குள் கணுக்காலில் சுருக் சுருக்கென்று கடி. குனிந்து பார்த்தால் மிளகுத்தூள் போலக் கறுப்பாக ஒன்று துள்ளி மறைந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிப் பக்கம் நின்று சொன்னார்: “காலி வீட்ல பூனை குட்டி போட்டிருந்துச்சு சார். அதோட தெள்ளுப்பூச்சிதான்.”

பூனை போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. கடிப்பதற்கு ஆளே இல்லாத வீட்டில் தெள்ளுப்பூச்சி எப்படி உயிரோடு இருந்தது?

அது பூச்சியாக இருக்கவில்லை, கூட்டுப்புழுவாக இருந்தது. பூனைத் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டை வரை இடும். முட்டைகள் பூனையின் உடம்பிலிருந்து தரையில் உதிர்ந்துவிடும். பொரித்து வரும் புழு தரை இடுக்கில் ஒளிந்துகொண்டு, தாய்ப்பூச்சி கழித்துப்போட்ட காய்ந்த ரத்தத்தைத் தின்று வளரும். பிறகு பட்டுக்கூடு கட்டி உள்ளே போய்விடும். கூட்டுக்குள் முழுப் பூச்சியாக வளர்ந்த பிறகும் அவசரப்பட்டு வெளியே வராது. தரை அதிர வேண்டும், உடற்சூடு தெரிய வேண்டும், யாரோ மூச்சு விடுவது தெரிய வேண்டும். அதுவரை வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். நான் அலமாரியைத் தள்ளிய சத்தம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு மணி!

மறுநாள் படிவம் நான்கு வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “கொசு கடிச்சா டிங்கி வரும். இது கடிச்சா என்ன சார் வரும்?”

பெரும்பாலும் அரிப்புதான் வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கான முழுப் பதிலில் பெரும் பகுதி நம் சிலாங்கூர் மண்ணிலேயே எழுதப்பட்டது என்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேன் பரப்பாத டைபஸ்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டைபாய்டு வேறு, டைபஸ் வேறு. டைபாய்டு கெட்ட தண்ணீராலும் உணவாலும் குடலுக்குள் போகிற கிருமியால் வருவது. ‘டைபாய்டு’ என்ற சொல்லுக்கே ‘டைபஸ் போன்றது’ என்பதுதான் பொருள். டைபஸ் என்பது ரிக்கெட்சியா வகைக் கிருமிகளால் வரும் காய்ச்சல்களின் குடும்பம். இந்தக் கிருமிகளை மற்ற பாக்டீரியாக்களைப்போல ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முடியாது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்துதான் வளரும். நம் ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்கள் அவற்றுக்குப் பிடித்த இடம்.

ஐரோப்பாவில் போர்ப் படைகளையும் சிறைச்சாலைகளையும் காலிசெய்த டைபஸை உடற்பேன் பரப்புகிறது என்று 1909-ல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் காட்டினார். அந்தக் கண்டுபிடிப்புக்கு 1928-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நோய் குளிர் நாட்டில், குளிக்காமல், ஒரே கம்பளி உடையை வாரக்கணக்கில் போட்டிருக்கும் கூட்டத்தில் பரவுவது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும்.

1920-களின் நடுவில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வில்லியம் ஃபிளெட்சர், லெஸ்லர் என்ற இருவர் ஒரு புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் விடாத காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, சிலருக்கு உடம்பில் சிவந்த தடிப்பு. எல்லாம் டைபஸின் அடையாளங்கள். ஆனால் நோயாளியின் உடம்பில் பேன் இல்லை. அவர் பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ நோய் வரவில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது?

(இதே ஃபிளெட்சர்தான் 1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில், ஒரு பகுதியினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து, பெரிபெரி நோய் யாருக்கு வருகிறது என்று கணக்கெடுத்தவர். புழுங்கலரிசி தின்ற தமிழர்களுக்குப் பெரிபெரி ஏன் அதிகம் வரவில்லை என்பது அப்படித்தான் தெளிவானது. அதைத் தனிக் கட்டுரையாக எழுத ஆசை.)

ஒரே பெயர், இரண்டு புட்டி

அந்தக் காலத்தில் டைபஸைக் கண்டறிய ஒரு விசித்திரமான சோதனை இருந்தது. 1916 வாக்கில் வைல், ஃபெலிக்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிந்த நீரை ‘புரோட்டியஸ் எக்ஸ்19’ என்ற பாக்டீரியாவோடு ஒரு கண்ணாடிக் குழாயில் கலப்பார்கள். டைபஸ் வந்தவருடையது என்றால், பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல பாக்டீரியா திரண்டு அடியில் படியும். புரோட்டியஸ் டைபஸை உண்டாக்குவதில்லை. ஆனால் அதன் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருள் தற்செயலாக ரிக்கெட்சியாவின் பொருளை ஒத்திருக்கிறது. அதனால் நம் உடம்பின் எதிர்ப்புப் பொருள்கள் இதையும் பிடித்துக்கொள்கின்றன.

கழகத்தைச் சேர்ந்த கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து ஒரு எக்ஸ்19 வளர்ப்பைக் கொண்டுவந்திருந்தார். இன்னொரு எக்ஸ்19 வளர்ப்பும் இருந்தது. அது வார்சா நகரத்து வழி வந்தது. இரண்டு புட்டிக்கும் ஒரே பெயர். ஆகவே இரண்டும் ஒரே பதிலைத் தர வேண்டும். தரவில்லை. சில நோயாளிகளின் ரத்தம் வார்சா புட்டியில் திரண்டது, கிங்ஸ்பரி புட்டியில் திரளவில்லை. வேறு சிலருக்கு நேர் தலைகீழ்.

நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இப்படி நடந்தால் என்ன செய்வோம்? “கரைசல் கெட்டுப்போச்சு, ஊத்திடு” என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஊற்றவில்லை. நோயாளிகளை இரண்டு பட்டியலாகப் பிரித்து, ஒவ்வொருவரும் யார், எங்கே வேலை செய்கிறார் என்று பார்த்தார்கள்.

வார்சா பட்டியலில் பெரும்பாலும் நகரத்து ஆட்கள். கடையில், கிடங்கில், எலி ஓடும் பழைய கட்டடங்களில் வேலை செய்தவர்கள். கிங்ஸ்பரி பட்டியலில் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள், லாலான் புல்லில் மாடு மேய்த்தவர்கள். ஒரு நோய் என்று நினைத்தது இரண்டு நோய்! முதலாவதுக்கு நகர டைபஸ் என்று பெயர் வந்தது, ‘கடை டைபஸ்’ என்றும் சொன்னார்கள். இரண்டாவது கிராம டைபஸ். கிங்ஸ்பரி கொண்டுவந்த புட்டியில் இருந்தது வேறொரு புரோட்டியஸ் வகை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இன்றும் உலகம் முழுவதும் அந்த வகைக்கு ‘ஓஎக்ஸ்-கே’ என்றுதான் பெயர். அந்த ‘கே’ கிங்ஸ்பரியின் முதல் எழுத்து.

அந்த இரண்டாவது பட்டியல் நம் கதை. 1917-ல் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்டது. நம் கோலசிலாங்கூர் மாவட்டம்தான். இளஞ்செம்பனை நிழல் கட்டும் முன்பு இடையில் லாலான் மண்டும். அந்தப் புல்லில் காட்டு எலிகளும், அவற்றின் மேல் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சுகளும் பெருகும். அதை வெட்டிச் சுத்தம் செய்யப் போனவர்கள் யார், மாடு மேய்த்தவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் தாத்தா மாடு வைத்திருந்தவர். ‘காட்டுக் காய்ச்சல்’ என்று வீட்டில் சொல்லிக் கேட்டதுண்டு, எந்தக் காய்ச்சல் என்று யாரும் கேட்டதில்லை.

கழகத்தின் லெவ்த்வெயிட்டும் சவூரும் 1930-களில் இந்த வேலையைத் தொடர்ந்தார்கள். நோயாளியின் ரத்தத்தைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார்கள். நகர டைபஸ் கிருமி ஆண் கினிப்பன்றிக்கு விரைப்பை வீக்கத்தைத் தந்தது, கிராம டைபஸ் தரவில்லை. ஒன்று வந்து பிழைத்த விலங்குக்கு மற்றதிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கவில்லை. சந்தேகம் தீர்ந்தது. கிராம டைபஸும் ஜப்பானியர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த சுட்சுகாமுஷி என்ற சிற்றுண்ணிக் காய்ச்சலும் ஒன்றே என்று 1940-ல் அவர்கள் அறிவித்தார்கள்.

வரைபடத்தில் குத்திய ஊசிகள்

சரி, கடை டைபஸைப் பரப்புவது எது? இதற்கான தடயத்தை முதலில் பிடித்தவர் பூமியின் மறுபக்கத்தில் இருந்தார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கமரி என்ற நகரம். கென்னத் மாக்ஸி என்ற பொதுச்சுகாதார மருத்துவர் அங்கே இதேபோன்ற பேனில்லாத டைபஸை விசாரித்தார். ஒவ்வொரு நோயாளியின் வீட்டையும் நகர வரைபடத்தில் குறித்தார். புள்ளிகள் ஊரெங்கும் சிதறின. எந்த ஒழுங்கும் தெரியவில்லை.

பிறகு அதே நோயாளிகளை அவர்கள் வேலை செய்யும் இடத்தில் குறித்தார். புள்ளிகள் கடைவீதியில் குவிந்தன. மளிகைக் கடை, தானியக் கிடங்கு, மாட்டுத் தீவனக் கடை, உணவகம். அங்கெல்லாம் பொதுவாக இருப்பது என்ன? எலி! மனிதனிலிருந்து மனிதனுக்கு இது வரவில்லை, எலியிலிருந்து தெள்ளுப்பூச்சியோ உண்ணியோ சிற்றுண்ணியோ கொண்டுவருகிறது என்று 1926-ல் எழுதினார். அப்போது அவர் கையில் ஒரு பூச்சி கூட இல்லை. வரைபடம் மட்டும்தான் இருந்தது. 1931-ல் பால்டிமோர் நகரில் நோயாளி இருந்த இடத்து எலிகளைப் பிடித்து, அவற்றின் தெள்ளுப்பூச்சிகளை அரைத்துச் செலுத்தியபோது கினிப்பன்றிகளுக்கு நோய் வந்தது. மாக்ஸி சொன்னது சரியாயிற்று.

தெள்ளுப்பூச்சி இந்தக் கிருமியைப் பரப்பும் விதம் கொசு டிங்கியைப் பரப்புவதைப் போன்றதல்ல. எலித் தெள்ளு நம்மைக் கடிக்கும்போதே பக்கத்தில் மலத்தையும் கழிக்கிறது. கிருமி பெரும்பாலும் அந்த மலத்தில்தான் இருக்கிறது. நாம் சொறிகிறோம். கடிவாயில் அதைத் தேய்த்து உள்ளே அனுப்புவது நம்முடைய சொந்த நகம்! காய்ந்த மலத்தூள் கண்ணில் பட்டாலும் மூச்சில் போனாலும் தொற்றலாம். தெள்ளுவுக்கு இந்தக் கிருமியால் ஒரு கேடும் இல்லை, தன் ஆயுள் முழுக்கச் சுமந்து திரியும். எலிக்கும் நோய் தெரிவதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பிளேக் நோயையும் எலித் தெள்ளுதான் பரப்புகிறது. அதை 1898-ல் கராச்சியில் பால்-லூயி சிமோன் காட்டினார். ஆனால் பிளேக்கில் முதலில் எலிகள் செத்து விழும். ஊருக்கு எச்சரிக்கை கிடைக்கும். கடை டைபஸில் செத்த எலி கிடையாது. எலிகள் நன்றாகத் தின்று கொழுத்து ஓடிக்கொண்டிருக்கும், மனிதர்கள்தான் ஒவ்வொருவராகப் படுப்பார்கள். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க யாராவது பட்டியல் போட வேண்டியிருக்கிறது.

நம் தாமானில் வந்தால்

ஒரு தாமானில் சில வாரங்களுக்குள் பலருக்கு நீண்ட காய்ச்சல், டிங்கிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். சுகாதார அதிகாரிகள் வந்தால் முதலில் ‘யாரை நோயாளி என்று எண்ணுவது’ என்று ஒரு வரையறை வைப்பார்கள். பிறகு பெயர், வயது, வீடு, வேலை, காய்ச்சல் தொடங்கிய நாள் என்று பட்டியல். கடிபட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும் என்பதால் போன வாரம் எங்கே போனீர்கள் என்று கேட்டால் போதாது, அதற்கு முந்தைய வாரத்தையும் கேட்க வேண்டும். நோய் வராத அண்டை வீட்டாரையும் கேட்பார்கள். நமக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் நோய் வந்தவர் பத்துப் பேரும் பூனை வளர்க்கிறார்கள் என்பது தெரிந்து பயனில்லை. வராதவர்களும் அதே அளவு பூனை வளர்க்கிறார்களா என்று தெரிந்தால்தான் பூனைமேல் பழி போடலாமா என்று சொல்ல முடியும்.

பிறகு பொறி வைப்பார்கள். பிடித்த எலியை மயக்கி, வெள்ளைத் தட்டின் மேல் ரோமத்தைச் சீவித் தெள்ளுகளை எண்ணுவார்கள். இருபது எலியில் நாற்பத்தாறு எலித் தெள்ளு கிடைத்தால் எலிக்கு 2.3. இதைத் தெள்ளு எண் என்கிறோம். பிளேக் உள்ள நாடுகளில் எலிக்கு ஒன்றைத் தாண்டினாலே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். நோயாளிகளிடம் இரண்டு முறை ரத்தம் எடுப்பார்கள், இடையில் இரண்டு வாரம் விட்டு. எதிர்ப்புப் பொருள் ஏறியிருந்தால்தான் நோய் இப்போது வந்தது என்று உறுதி. ஒரே முறை எடுத்த ரத்தம், எப்போதோ வந்துபோன நோயையும் காட்டிக்கொடுக்கும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. எலி என்று தெரிந்ததும் கடையில் எலி மருந்து வாங்கி வைத்துவிடுவது. எலி செத்துக் குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கும். அடுத்த சூடான உடம்பு எது? நாம்தான். முதலில் எலி ஓடும் தடத்திலும் பொந்திலும் தெள்ளுக்கான மருந்துத் தூள் போட வேண்டும், பிறகுதான் எலியைக் கொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1944-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த டைபஸ் வந்தது. எலித் தடங்களில் டிடிடி தூவத் தொடங்கியபின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நூறுக்கும் கீழே இறங்கியது. டிடிடியின் மற்ற கேடுகள் தனிக் கதை, இன்று வேறு மருந்துகள் இருக்கின்றன. வரிசை மட்டும் மாறவில்லை. நோயும் ஒழிந்துவிடவில்லை. 2018-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுப்பகுதியில் மறுபடி தலைகாட்டியது. அங்கே பூனைத் தெள்ளும் இதைச் சுமக்கிறது.

நம் பக்கத்து நிலைமை இதைவிடச் சிக்கலானது. ஃபிளெட்சர் காலத்தில் கடைக்காரர் கடையில் இருந்தார், தோட்டக்காரர் தோட்டத்தில் இருந்தார். இன்று லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம், ஆனால் தாமானின் பின்வேலிக்கு அப்பால் செம்பனை. காலையில் குலை வெட்டுகிறவர் மாலையில் ஒட்டுக்கடை போடுகிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் எந்தப் பட்டியலில் சேர்ப்பது? தோட்டத்து எலியைக் கூகை பிடிக்கட்டும் என்று பெட்டி வைத்துக் கொடுக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. கடைக்குப் பின்னால் சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு வரும் எலிக்கு அந்தக் கூகை வராது.

என் மாணவி ஒருத்தியின் அப்பா மளிகைக் கடைக் கிடங்கில் மூட்டை அடுக்குபவர். ஒன்பது நாள் காய்ச்சல். இரண்டு இடத்தில் டிங்கிக்குப் பார்த்து இல்லை என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். ஓர் இடத்தில் அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள். அது இந்தக் கிருமியைத் தொடாது. மூன்றாவதாகப் பார்த்த வயதான மருத்துவர் நாக்கைப் பார்ப்பதற்கு முன்பே “எங்கே வேலை பார்க்கிறீங்க?” என்றாராம். பிறகு உடம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். தடிப்பு எல்லோருக்கும் வராது, வந்தாலும் நம்மைப் போன்ற கறுத்த தோலில் எளிதில் தெரியாது. ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாள் இரவு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. ஆய்வுக்கூட முடிவு வருவதற்குள் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

விலை குறைந்த, பழைய மாத்திரை. கடை டைபஸுக்கும் அதுதான், சிற்றுண்ணிக் காய்ச்சலுக்கும் அதுதான். நாமாக வாங்கி விழுங்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிகிச்சை இல்லாவிட்டாலும் கடை டைபஸ் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் தானாக இறங்கும். ஆனால் வயதானவர்களுக்கு நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கலாம். சிற்றுண்ணிக் காய்ச்சல் இன்னும் கொடியது. உடம்பில் எங்காவது, பெரும்பாலும் அக்குளிலோ இடுப்பிலோ தொடை இடுக்கிலோ, சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். வலிக்காது என்பதால் நமக்கே தெரியாமல் இருக்கும். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி டைபஸ் நம் நாட்டில் அறிவிக்க வேண்டிய நோய். ஆனால் கண்டுபிடித்தால்தானே அறிவிக்க முடியும்? அடுத்த முறை நீண்ட காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகும்போது, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: என்ன வேலை, எங்கே வேலை, அங்கே எலி உண்டா, கடந்த இரண்டு மூன்று வாரத்தில் புல் வெட்டினீர்களா, தெள்ளு கடித்ததா.

என் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். மாணவர்கள் ஒரு சோதனை சொன்னார்கள், அதாவது நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு அறைக்கு அறை மெதுவாக நடந்து, ஏறும் தெள்ளுகளை எண்ணுவது. முதல் நாள் முன்னறையில் மட்டும் பதினேழு. தரை இடுக்கை உறிஞ்சி, குப்பையைக் கட்டி எறிந்து, துணிகளைச் சுடுநீரில் போட்டு, மருந்தும் அடித்தோம். மூன்றாம் நாள் இருபத்திரண்டு! ஏறியிருந்தது. கூட்டுக்குள் இருந்தவை நம் நடமாட்டத்தால் வெளியே வந்துகொண்டிருந்தன, மருந்து கூட்டுக்குள் போகாது. இரண்டாம் வாரம் ஆறு, மூன்றாம் வாரம் ஒன்று. வகுப்புச் சுவரில் அந்த வரைபடம் இன்னும் ஒட்டியிருக்கிறது. மூன்றாம் நாள் புள்ளியைப் பார்த்து “இது தப்புக் கணக்கா சார்?” என்று புதிதாக வரும் மாணவர்கள் கேட்கிறார்கள்.